பதினெட்டு டெசிபல்

இரவு ஒன்றே முக்கால். லெபோ பசாரில்
பாத்திரக்கடை, பூக்கடை எல்லாம் ஷட்டர் இறக்கியாச்சு.
தனசீலன் ஒரு முக்காலியைப் பிரிக்கிறான், நான் மற்றதை.
ஒன்றின் மேல் பழையது. டேப் போடுவது,
என் வலது தோளைச் சற்றுத் தாழ்த்தி வைத்தது,
முந்நூற்றுச் சொச்சம் கல்யாணம் பார்த்தது.
இன்னொன்றில் புதியது. உள்ளங்கை அகலம்,
பதினாறு தவணை பாக்கி.

வெள்ளிக்கிழமை முகூர்த்தத்தில் லைட்டே கூடாதாம்.
நிச்சயத்தன்று உங்கள் வெளிச்சத்தில்
என் மகளின் மை கரைந்து கன்னத்துக்கு வந்துவிட்டது
என்றார் பெண்ணின் அம்மா.
குத்துவிளக்கு போதும், படமும் விழ வேண்டும்.
விழுமா என்று பார்க்கத்தான் வந்தோம்.

என் அரக்குத் துப்பட்டாவை அஞ்சடித் தூணில் கட்டி
பக்கத்தில் ஒரே ஒரு மெழுகுவத்தி.

பழையதில் ஒன்பது டெசிபல்: தீ மட்டும்.
பதினெட்டு: ஈசல் மொய்த்தது திரை முழுக்க,
துப்பட்டா சாக்கு நிறம்.
ஒரு மோட்டார்சைக்கிள் முகத்தை இங்கே திருப்பியதும்
மேலிருந்து கீழ்வரை வெள்ளைக் கோடு,
நாமம் போட்டுவிட்டது தெருவுக்கு.

"பழசு இருட்டை இருட்டுன்னு ஒத்துக்கும்," என்றான் தனசீலன்.
"புதுசு ராத்திரியைச் சாயங்காலமாக்கிப் பொய் சொல்லும்."
"தெரியாததுக்கெல்லாம் மணலை அள்ளிப் போடுறது மட்டும் நிஜமா?"
என்றேன். இருவருக்கும் தூக்கம்.

புதியதைப் பன்னிரண்டாயிரத்து எண்ணூறுக்கு ஏற்றினேன்.
துப்பட்டாவின் ஜரிகை வந்தது.
பூட்டின் துரு, சுண்ணாம்பு கழன்ற செங்கல்,
தூணுக்கு அப்பால்
அட்டைப்பெட்டியை விரித்துப் படுத்திருந்த ஓர் ஆள்.
கண் திறந்திருந்தது.
எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

தலையைத் தூக்கி வெறுங்கண்ணால் பார்த்தேன்: இருட்டு.
குனிந்தேன்: இருந்தான்.

எழுந்து வந்தான்.
"அக்கா, இது எதுலயும் வருமா?"
திருவாடானைப் பக்கத்துப் பேச்சு.
ஒரு பேர் சொன்னான், உடனே வேறு பேர் சொன்னான்.
மங்கு கழுவுகிற வேலை. பெர்மிட் முடிந்து எட்டு மாதம்.
"அழிச்சிருங்க."

தனசீலன் பொத்தானில் விரல் வைத்தான்.

"இருங்க, ஒருக்கா பாத்துக்கிறேன்."

மூன்று அங்குலத் திரையில்
காதைப் பார்த்தான், தாடையைப் பார்த்தான்,
காலர் கிழிசலைக் கையால் தேடித் தொட்டான்.
"எளச்சுட்டேன்ல," என்றான், எங்களிடம் அல்ல.
வீட்டுக்குப் பேசும்போது போனின் கேமராவை விரலால் மூடிக்கொள்வானாம்.
பினாங்கில் ராத்திரியானால் கரண்ட் இருக்காது என்று
பெண்சாதியிடம் சொல்லிவைத்திருக்கிறானாம்.

இன்னொரு முறை ஓட்டச் சொன்னான்.
பிறகு போதும் என்றான்.
நிச்சயமாகவா என்று கேமரா ஒரே ஒரு தடவை கேட்டது.

"அதுல?" என்று பழையதைக் காட்டினான்.
டேப்பைப் பின்னோக்கிச் சுற்றி ஓட்டினேன்.
தீ, நாமம், ஈசல்.
"இதுல நான் இல்ல," என்றான், சந்தோஷமாகத்தான்.
மெழுகுவத்தியை அவனே ஊதி அணைத்துக்
கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமைக்குப் புதியதுதான் என்று முடிவு.
எதற்கும் ஒரு லைட் காரில் கிடக்கட்டும் என்கிறான் தனசீலன்.

வீட்டில், விடியும் முன், டேப்பை மெதுவாக ஓட்டினேன்.
தூணுக்கு இடப்பக்கம்
புள்ளிகள் ஒரு சாயல் தடித்திருக்கின்றன.
நான்காம் நிமிடத்தில் அந்தத் தடிப்பு எழுந்து நிற்கிறது,
தயங்குகிறது, நடக்கிறது.
தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும்.

டேப்பின் முதுகில் டெஸ்ட் என்று எழுதினேன்.
தேதி போடவில்லை.